நல்லாத்தான் இருக்கோம்

மீன்கூடத்துக்குள் கைபேசி ஆகாது. காலை ஆறு மணிக்கு உள்ளே நுழையுமுன் எல்லாரும் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். சாவிக்கொத்து மேஸ்திரி கோர்டனின் இடுப்பில் தொங்கும். ரோனா டத்தி மட்டும் மூன்று வருஷம் இரண்டு மாதமாகத் தன் கைபேசியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, இடதுகால் ரப்பர் பூட்ஸுக்குள் செருகி வைத்திருந்தாள். உரசி உரசிக் கணுக்கால் தோல் காய்த்துப்போய்விட்டது. கோர்டனுக்கு இது தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டான். அந்த மட்டில் அவன் மனுஷன்தான்.

அவள் காத்திருந்தது ஒரே ஒரு அழைப்புக்கு. மகள் மிர்ரனுக்கு ஏ.டி.எச்.டி. என்கிற கவனச்சிதறல் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி ஊர் டாக்டர் எழுதிக்கொடுத்தபோது அவளுக்கு எட்டு வயசு. இப்போது பதினொன்று முடிந்துவிட்டது. நகரத்து மருத்துவமனைக்காரர்கள் என்றைக்குக் கூப்பிடுவார்கள் என்று சொல்ல மாட்டார்கள். கூப்பிட்டால் நம்பர் தெரியாது. எடுக்காவிட்டால் போயிற்று, திரும்பக் கூப்பிட வழி கிடையாது. அதனால்தான் பூட்ஸ்.

அழைப்பு வந்தது ஏப்ரல் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. விடிந்ததிலிருந்து கடல்மூட்டம் இறங்கித் துறைமுகமே கண்ணுக்குத் தெரியவில்லை. படகுகள் பிந்தி வந்ததால் ஹாடக் மீன் பெட்டி பெட்டியாகக் குவிந்து கிடந்தது. ரோனாவின் கத்தி செவுளுக்குப் பின்னால் இறங்கி, முள்ளை ஒட்டியே வால்வரை ஓடி, சதையைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தது. கணுக்கால் அதிர்ந்தது. கத்தியைப் போட்டுவிட்டு ஐஸ் அறை நடைக்கு ஓடினாள்.

“மிஸஸ் டத்தியா? மிர்ரனோட அம்மா? குழந்தைகள் மனநலப் பிரிவுலேருந்து ஹேரியட் பேசறேன். இப்ப பேச வசதிப்படுமா?”

கையெல்லாம் செதில். காதோரம் மீன் ரத்தம். கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கோர்டன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

“தாராளமாப் பேசலாம்மா.”

“பட்டியல்ல இருக்கிற குடும்பங்களை எல்லாம் ஒரு தடவை விசாரிச்சுப் பார்க்கிறோம். மிர்ரன் எப்படி இருக்கா?”

“நல்லாத்தான் இருக்கா.”

“தூக்கமெல்லாம்?”

“ஏதோ தூங்குதா.”

“ஸ்கூலுக்கு?”

“போயிட்டுத்தான் வாரா.”

போகிறாள்தான். பன்னிரண்டு மணிக்குப் பள்ளிக்கூடமே அவளைத் திருப்பி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது, ஜனவரியிலிருந்து தினமும். அதை ரோனா சொல்லவில்லை. கேட்டால் சொல்லியிருப்பாளோ என்னவோ.

“வீட்டுல உங்களால சமாளிக்க முடியுதா?”

“சமாளிச்சுக்கிட்டுதான் இருக்கோம். எங்களவிடக் கஷ்டப்படுதவங்க எத்தனையோ பேரு இருப்பாங்கல்லா.”

“குறிப்பா ஏதாவது கவலை?”

“குறை சொல்லுத மாதிரி ஒண்ணுமில்லம்மா. உங்களுக்கு எவ்வளவோ சோலி கெடக்கும், இதுல எங்கள நினைச்சுக் கூப்பிட்டியளே, அதுவே பெருசு.”

அந்தப் பெண் அவ்வளவு இனிமையாக நன்றி சொன்னாள். ரோனா சந்தோஷமாகத் திரும்பி வந்து கத்தியை எடுத்தாள். பெரிய இடத்தில் மரியாதையாகப் பேசிவிட்ட திருப்தி அவள் முகத்தில் இருந்தது. அடி பாவி, என்ன காரியம் செய்துவிட்டு வந்திருக்கிறாய் என்று சொல்ல அங்கே ஆளில்லை.

இன்வர்டூரி அப்படிப்பட்ட ஊர். கழுத்தில் கத்தியை வைத்தாலும் வெளியாளிடம் வலிக்கிறது என்று சொல்லமாட்டார்கள். ஊரில் பாதிப்பேருக்குக் குடும்பப்பெயர் டத்தி என்பதால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ரோனா வாழ்க்கைப்பட்டது வாளி வீட்டில். கணவன் சாண்டியின் தாத்தா, படகு முங்கும்போது கடைசிவரை வாளியால் இறைத்துக்கொண்டே இருந்தாராம். நாலு மணி நேரம் கழித்து அவரைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் போட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, “கொஞ்சம் ஈரம்தான்” என்றாராம். இதை ஊரே பெருமையாகச் சொல்லும். இப்படிப்பட்ட ஜனங்களிடம் போன் பண்ணி நலமா என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்?

பத்தாம் நாள் கடிதம் வந்தது. ரோனா வேலை முடிந்து இரண்டு மணிக்கு வீட்டுக்குள் நுழைகிறாள், அடுப்படியே அலங்கோலமாகக் கிடக்கிறது. பாலும் உருளைக்கிழங்கும் புகை போட்ட மீனுமாகச் சூப் வைக்கிறேன் என்று மிர்ரன் ஆரம்பித்திருக்கிறாள். நடுவில் டோஸ்டருக்குள் எது சூடாகிறது என்று பார்க்கத் தோன்றியிருக்கிறது. டோஸ்டர் மேஜைமேல் இருபது துண்டாகக் கிடந்தது. பால் பொங்கி அடுப்பெல்லாம் கருகிக் கிடந்தது. மிர்ரன் ஒற்றைக் காலில் ஷூவோடு நடுவீட்டில் நின்று, பிரித்த கடிதத்தைக் கையில் வைத்திருந்தாள்.

“ம்மா, என்னய எடுத்துட்டாவ.”

“எதுலேருந்துட்டி?”

“லிஸ்ட்லேருந்து.” அவள் வாசித்தாள். வாசிக்கும்போது வரி மாறிப் போகாமலிருக்க விரலை வைத்துக்கொண்டாள். “உங்களோடு தொலைபேசியில் உரையாடியதில், மிர்ரன் நலமாக இருப்பதாகவும், குடும்பம் நல்ல முறையில் சமாளித்து வருவதாகவும் அறிந்து மகிழ்ச்சி அடைகிறோம். எனவே அவளது பெயரைப் பட்டியலிலிருந்து நீக்குகிறோம். மகிழ்ச்சின்னு போட்டிருக்காவம்மா.”

“குடு இங்க.”

“பள்ளியும் டாக்டரும் மறுபடி எழுதினால் புதிதாகச் சேரலாம். புதிதாகச் சேருவோர் நான்கு ஆண்டுகள்வரை காத்திருக்க நேரிடலாம்.” மிர்ரன் நிமிர்ந்து பார்த்தாள். “நாலு வருசம்னா எனக்குப் பதினாறு ஆயிரும்லா? ஸ்கூலே முடிஞ்சிரும்லா?”

ரோனா கடிதத்தைப் பிடுங்கித் தானே படித்தாள். ஒரு தடவை படித்தாள், உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தாள்.

“ம்மா, நான் நல்லா ஆயிட்டேனா?” என்று கேட்டாள் மிர்ரன். கிண்டலாகக் கேட்கவில்லை. கடிதத்தில் போட்டிருக்கிறதே, ஒருவேளை அப்படியும் இருக்குமோ என்றுதான் கேட்டாள்.

ஆகஸ்டில் பெரிய பள்ளிக்கூடம். அங்கே எண்ணூறு பிள்ளைகள், மணி அடிக்க அடிக்க வகுப்பு மாற வேண்டும். இந்தச் சின்னப் பள்ளியிலேயே அரை நாளுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியவில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். உதவிக்கு ஆள் போடச் சட்டப்படி டாக்டர் காகிதம் தேவையில்லை என்றும், ஆனால் காகிதம் இல்லாமல் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் தலைமை ஆசிரியை ஒரே மூச்சில் சொன்னாள். மருந்து வேண்டுமென்றாலும் காகிதம் வேண்டும். அந்தக் காகிதத்தைத்தான் தன் வாயாலேயே கிழித்துப் போட்டிருக்கிறாள்.

சனிக்கிழமை சாண்டி கடலிலிருந்து வந்தான். பத்து நாள் தாடி, உப்பில் வெடித்த உதடு. கடிதத்தைத் தூரத்தில் வைத்துப் படித்துவிட்டு மேஜைமேல் போட்டான்.

“சரி விடு. நானும் இப்படித்தான் இருந்தேன். என்ன குறைஞ்சு போச்சு?”

“நீ பதினஞ்சு வயசுல ஸ்கூல விட்டு ஓடின.”

“ஓடி என்ன, படகுல ஏறினேன். வேலை பாக்கலியா? சோறு போடலியா?”

“உன்னயக் கடல் எடுத்துக்கிச்சு சாண்டி. அன்னைக்கி துறைமுகத்துல அறுபது படகு நின்னுச்சு, கையும் காலும் நிக்காத பயலுவளுக்கெல்லாம் அதுல எடம் இருந்துச்சு. இன்னைக்கி எத்தன நிக்கி?”

“ஒம்பது.”

“அவள எது எடுத்துக்கிடும்? சொல்லு.”

சாண்டி சூப்பைக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தான். “அங்க போயிச் சண்டை போடப் போறியா?” என்று மெல்லக் கேட்டான். “அதெல்லாம் நம்ம வீட்டுல யாரும் செஞ்சதில்லயே.”

“அதனாலதான் இந்தக் கதிக்கு நிக்கோம்,” என்றாள் ரோனா.

திங்கட்கிழமை பத்து மணி இடைவேளை. மீன்கூடத்துச் சாப்பாட்டு அறையில் ரோனாவும் ஐனாவும் மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். ஐனா அறுபதைத் தாண்டியவள், நாற்பது வருஷமாகக் கத்தி பிடித்தவள். வாய் கத்தியைவிடக் கூர். வெண்ணெயும் உப்பும் தூக்கலான தட்டை ரொட்டியைத் தேநீரில் தோய்த்துக்கொண்டே, “அவ என்ன கேட்டா, நீ என்ன சொன்ன? ஒண்ணு விடாமச் சொல்லு,” என்றாள்.

ரோனா சொன்னாள். ஐனா மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

“தூக்கம் எப்படின்னு கேட்டதுக்கு?”

“ஏதோ தூங்குதான்னேன்.”

“ஏட்டி, போன மாசம் அவ விடியக்காலம் நாலு மணிக்கு ஐஸ் ஆலை ஏணில ஏறி நின்னான்னு நீதானட்டி சொன்ன? கடற்காக்கா குஞ்சு பொரிச்சிருக்கான்னு பாக்க?”

“ஆமா.”

“முப்பதடி ஏணி.”

“ஆமாங்கேன்லா.”

“அத ஏன் அவகிட்டச் சொல்லல?”

“எப்படிச் சொல்ல? முன்ன பின்ன தெரியாத பொம்பள. எடுத்ததும் நம்ம வீட்டுச் சீரழிவையா கொட்ட முடியும்? பிள்ளைய வளக்கத் தெரியாதவன்னு நினைச்சிட்டா?”

ஐனா ரொட்டியைக் கீழே வைத்தாள். “எங்க வீட்டுக்காரர் நெஞ்சு வலியோட டாக்டர்கிட்டப் போனாரு. எப்படி இருக்கீங்கன்னு டாக்டர் கேட்டாரு. பரவால்ல, முந்திக்கு இப்பத் தேவலன்னு சொல்லிட்டு, டாக்டர் பொண்டாட்டி சவுக்கியமான்னு விசாரிச்சிட்டு வந்தாரு. வீட்டு வாசல்ல சாவியக் கையில வச்சிட்டே விழுந்தாரு. ஐம்பத்தி மூணு வயசு. சாவுக்கு வந்தவனெல்லாம் என்ன சொன்னான் தெரியுமா? கடைசிவரைக்கும் ஒரு குறை சொன்னதில்ல, தங்கமான மனுசன்னான். எனக்குச் செருப்பால அடிக்கணும் போல இருந்துச்சு.”

இதை ஐனா இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பதினோரு வருஷம் பக்கத்துப் பக்கத்தில் நின்று மீன் வெட்டிய ரோனாவிடமே இப்போதுதான் சொல்கிறாள்.

“போ,” என்றாள் ஐனா. “போயி அசிங்கமாக் கத்து.”

வியாழக்கிழமை ரோனா போனாள். மீன்கூடத்துப் பெண்கள் நகரத்துக்குப் போவதென்றால் எலுமிச்சையால் கையைத் தேய்த்து, தலைக்குக் குளித்து, வாசனைப் பூச்சு பூசிக்கொண்டுதான் பஸ் ஏறுவார்கள். அன்றைக்கு ஒன்றரை மணிக்கு வேலை முடிந்ததும் மேலங்கியை மட்டும் கழற்றிப் போட்டுவிட்டு, வீட்டிலிருந்த மிர்ரனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அப்படியே ஏறிவிட்டாள். குளித்துக்கொண்டிருந்தால் தைரியமும் சேர்ந்து போய்விடும் என்று பயந்தாள்.

பஸ்ஸில் மகளிடம் குனிந்து சொன்னாள்: “இன்னைக்கி நீ அடங்கி ஒடுங்கி இருக்கணும்னு இல்ல. உனக்கு எப்படி இருக்கணும்னு தோணுதோ அப்படி இரு.”

மிர்ரன் அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள். “என்னய ஆட விட்டுக் காட்டப் போறியா? நான் என்ன சர்க்கஸ் கடல்நாயா?”

“அப்படியில்லட்டி.”

“அப்படித்தான்.”

விளைவு என்னவென்றால், பிறந்ததிலிருந்து ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் உட்காராத பிள்ளை, அன்றைக்குப் பார்த்து அந்தக் காத்திருப்பு அறையில் கையிரண்டையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டு ஒன்றே முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஷூவுக்குள் கால்விரல்கள் மட்டும் ஓயாமல் நெளிந்தன. பார்த்தவர்கள் எவ்வளவு ஒழுங்கான பெண் என்று சொல்லியிருப்பார்கள். ரோனாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

“அப்பாயின்ட்மென்ட் இருக்கா?” வரவேற்பில் இருந்தவன் மூக்கைச் சுளிக்காமலிருக்க ரொம்பப் பாடுபட்டான்.

“இல்ல.”

“இந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் நீங்க எழுதித்தான் போடணும் மேடம். ஆறு வாரத்துக்குள்ள பதில் வந்துடும்.”

“நான் எழுதுத ஆளு இல்ல தம்பி. உள்ளதச் சொன்னா பேசுத ஆளும் இல்ல. அதான் நேர்ல வந்திருக்கேன். ஹேரியட்டைப் பாக்கணும்.”

“அவங்க பிஸியா இருக்காங்க.”

“இருக்கட்டும். நாங்க மூணு வருசம் இருந்திருக்கோம், இன்னும் செத்த நேரம் இருந்தா ஒண்ணும் குறையாது.”

பக்கத்து நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. மீன் வாடை என்றால் வாடைதான், அறை வெதுவெதுப்பில் அது ஊறிப் பரவியது. வேறு நாளாக இருந்தால் ரோனா வெட்கத்தில் செத்திருப்பாள். நாலரை மணிக்கு ஹேரியட் வந்தாள். முப்பது வயதிருக்கும், தெற்கு இங்கிலாந்துப் பேச்சு, தூங்கி எத்தனையோ நாளான கண்கள். சின்ன அறைக்குள் அவர்களைக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி, கணினியைத் திருப்பிக் காட்டினாள்.

“நீங்க சொன்னதைத்தான் நான் பதிவு பண்ணியிருக்கேன் மிஸஸ் டத்தி. பாருங்க. நல்லாயிருக்கோம், சமாளிக்கிறோம், குறை ஒண்ணும் இல்லை. நானா எதையும் சேர்க்கலை.”

“நீங்க சேக்கலம்மா. சொன்னது நான்தான்.”

“உண்மையா இல்லைன்னா ஏன் அப்படிச் சொன்னீங்க?”

குற்றம் சாட்டும் குரலில் கேட்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. ரோனா தன் கைகளைப் பார்த்தாள். நகக்கண்ணில் செதில் மினுங்கியது.

“எங்க ஊர்ல யாரு கேட்டாலும் அப்படித்தாம்மா சொல்லுவோம். வீடு தீப்பிடிச்சு எரியும்போது நீங்க கதவத் தட்டினாலும், உள்ள வாங்க, டீ குடிக்கியளான்னுதான் கேப்போம். அது எங்க தப்பு. ஆனா என் பிள்ளையோட நாலு வருசம் அதுக்குத் தண்டம் கட்ட முடியாது. இப்பச் சொல்லுதேன், எழுதுங்க.”

“நான் இதை மேலதிகாரிகிட்ட...”

“மொதல்ல எழுதுங்க.”

ஹேரியட் விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள்.

ரோனா ஆரம்பித்தாள். முதலில் திக்கியது. ஐஸ் ஆலை ஏணியைச் சொன்னாள். கருகிய பாத்திரங்களைச் சொன்னாள். இந்த வருஷத்தில் தொலைந்த மூன்றாவது ஷூவைச் சொன்னாள். கடற்காக்கையைத் துரத்திக்கொண்டு மீன் லாரிக்குக் குறுக்கே ஓடியதை, டிரைவர் இறங்கி வந்து ரோட்டோரம் வாந்தி எடுத்ததைச் சொன்னாள். மிர்ரன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், காது மட்டும் சிவந்திருந்தது.

“கீலத்தான் கழட்டினேன்,” என்றாள் திடீரென்று, கதவை உடைத்த கதைக்கு அம்மா வந்தபோது. “கதவ உடைக்கல. உடைச்சேன்னு எழுதாதீங்க.”

“கீல் மட்டும்,” என்று ஹேரியட் திருத்தினாள்.

ரோனா நிறுத்தினாள். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதைச் சாண்டியிடம் சொன்னதில்லை, ஐனாவிடம் சொன்னதில்லை. அதைச் சொல்ல வேண்டுமென்றால் மகள் காதுபடச் சொல்ல வேண்டும். தனக்கு அது தெரியும் என்பதே மகளுக்குத் தெரியாது. மிர்ரனை வெளியே உட்காரச் சொல்லலாமா என்று யோசித்தாள். பிறகு, இதையும் ஒளித்தால் திரும்ப அதே கதைதான் என்று நினைத்துக்கொண்டாள்.

“சாயங்காலமானா இவ குளியலறைக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிடுவா. தண்ணியத் தொறந்து விட்டுருவா, எனக்குக் கேக்கக் கூடாதுன்னு. எனக்குக் கேக்கும். தலையில அடிச்சுக்கிடுவா. கையால, பொட்டு பொட்டுன்னு. முட்டாள், முட்டாள்னு சொல்லிக்கிட்டே அடிப்பா. நான் வெளிய நின்னு எண்ணிக்கிட்டு இருப்பேன். ஒரு நாளு நாப்பது வந்துச்சு.”

மிர்ரன் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. ரோனா அவளைத் தொடக் கையை நீட்டினாள், நடுவிலேயே இழுத்துக்கொண்டாள்.

“சீப்பாலயும்,” என்றாள் மிர்ரன்.

ஹேரியட் தட்டுவதை நிறுத்திவிட்டு நாற்காலியைத் திருப்பி அவளுக்கு நேராக உட்கார்ந்தாள். “எவ்வளவு நாளா மிர்ரன்?”

“நாலாங் கிளாஸ்லேருந்து.” கைகள் தொடைக்கடியிலிருந்து வெளியே வந்துவிட்டன, சட்டை நுனியை முறுக்க ஆரம்பித்தன. “எல்லாருக்கும் மிஸ் ஒரு தடவ சொன்னாப் புரிஞ்சிரும். எனக்கு அஞ்சு தடவ சொல்லணும். மொதத் தடவ சிரிச்சுக்கிட்டே சொல்லுவாவ. மூணாவது தடவ சிரிப்பு போயிரும். அஞ்சாவது தடவ மூஞ்சி ஒரு மாதிரி ஆகும். அந்த மூஞ்சிய நான் பாக்கேன்லா. அது வீட்டுக்கு வந்தாலும் போவ மாட்டேங்கு. அதான்.”

ஹேரியட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். எழுந்து, “ஒரு பத்து நிமிஷம்,” என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. அதுவரை தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

திரும்பி வந்தபோது கையில் காகிதம் இருந்தது. “பழைய தேதியிலேயே மிர்ரனைத் திரும்பச் சேர்த்தாச்சு. நடுவுல ஒரு நாள்கூடக் குறையலை. நவம்பர் வாக்குல கூப்பிடுவோம். தலையில அடிச்சுக்கிறதைப் பத்தி அடுத்த வாரமே ஒருத்தர் வந்து அவகிட்டப் பேசுவாங்க. நான் இன்னும் தோண்டிக் கேட்டிருக்கணும். மன்னிச்சிடுங்க.”

பரவாயில்லை என்ற வார்த்தை ரோனாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முழுங்கினாள்.

“நவம்பர் வரைக்கும் திங்கட்கிழமை திங்கட்கிழமை காலையில பத்து மணிக்கு நான் போன் பண்ணுவேன். அந்த வாரம் நடந்தத அம்புட்டையும் சொல்லுவேன். நீங்க எழுதிக்கிடணும்.”

“அப்படி ஒரு வழக்கம் எங்ககிட்ட இல்லையே மிஸஸ் டத்தி.”

“எங்ககிட்டயுந்தான் இல்ல. ரெண்டு பேரும் பழகிக்கிடுவோம்.”

பஸ்ஸில் முன் இருக்கைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார்கள். “மீனுதான். கடிக்காது,” என்று மிர்ரன் அவர்கள் முதுகுக்குப் பின்னால் உரக்கச் சொன்னாள். கடலோரச் சாலைக்கு வந்த பிறகு கேட்டாள்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“மொத நாள்லேருந்து.”

“பின்ன ஏன் ஒண்ணும் சொல்லல?”

“சொல்லத் தெரியலட்டி,” என்றாள் ரோனா. அழுகை வந்தது. பஸ்ஸில், நாலு பேர் பார்க்க, துடைக்கக்கூடத் தோன்றாமல் அழுதாள். மிர்ரன் திகைத்துப்போய்ப் பார்த்தாள். அம்மா அழுது அவள் பார்த்ததில்லை. தன் தொப்பியைக் கழற்றி அவள் மடியில் வைத்தாள்.

“நீயும் அங்க பாதியச் சொல்லாம விட்டுட்ட,” என்றாள். “திங்கக்கெழமைக்கு நான் லிஸ்ட் எழுதித் தாரேன்.”

திங்கட்கிழமை பத்து மணிக்குச் சாப்பாட்டு அறையில் ரோனா பூட்ஸிலிருந்து கைபேசியை எடுத்து மேஜைமேல் எல்லாரும் பார்க்க வைத்தாள். பிறகு நடந்தது அத்தனையும் சொன்னாள், மூலையில் ஐனாவிடம் அல்ல, அறை முழுக்கக் கேட்கும்படி. முடித்தபோது ஷீனா தன் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“எனக்கும் வந்துச்சு.”

“என்னது?”

“அதே காயிதம். மார்ச்சு மாசம். எங்க லோர்னாவுக்கு.”

“அதே போனா?”

“அதே போன். நல்லாத்தான் இருக்கோம்னேன்.”

அந்தப் பக்கம் பெத் தன் கைப்பையைத் திறந்து எட்டாய் மடித்த இரண்டு கடிதங்களை எடுத்து மேஜையில் வைத்தாள். அவளுடைய இரட்டைப் பெண்களுக்கு ஆளுக்கொன்று. அப்புறம் வில்மா. அப்புறம் புதிதாகச் சேர்ந்த கேரன். ஒரே மேஜையில், முழங்கையோடு முழங்கை இடிக்க நின்று ஹாடக் வெட்டுகிறவர்கள். ஒருத்திக்காவது வாய் திறந்து இன்னொருத்தியிடம் சொல்லத் தோன்றவில்லை.

“கடவுளே,” என்றாள் ஐனா. “உங்களையெல்லாம் என்னட்டி பண்ண?”

கதவருகில் நின்ற கோர்டன் செருமினான். எல்லாரும் திரும்பினார்கள். கைபேசி விதியைச் சொல்லப்போகிறான் என்றுதான் நினைத்தார்கள். அவன் சாவிக்கொத்தைக் கையில் உருட்டிக்கொண்டே, “எங்க வீட்டுலயும் ஒரு காயிதம் கெடக்கு,” என்றான். “சின்னவளுக்கு. போன எடுத்தது நான்தான்.” பிறகு கடிகாரத்தைப் பார்த்து, “இன்னைக்கி இடைவேளை முக்கால் மணி நேரம். மீன் ஐஸ்லதான கெடக்கு,” என்றான்.

ரோனா நம்பரை அழுத்தினாள். ஒலிபெருக்கியைப் போட்டாள். நாலு தடவை பாட்டுப் பாடிக் காக்க வைத்த பிறகு வரவேற்புப் பையன் எடுத்தான். ஹேரியட்டிடம் கொடுத்தான்.

“வணக்கம் மிஸஸ் டத்தி,” என்றது குரல். “எப்படி இருக்கீங்க?”

ரோனா சட்டைப்பையிலிருந்து மிர்ரன் எழுதித் தந்த தாளைப் பிரித்தாள். இரண்டு பக்கமும் எழுத்து, ஓரத்திலெல்லாம் படகுப் படம்.

“நாங்க நல்லா இல்ல,” என்றாள்.

சொல்லிவிட்டு ஒரு நொடி நின்றாள். கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை. தாளைக் கண்ணுக்கு நேரே பிடித்து முதல் வரியிலிருந்து வாசித்தாள். நிதானமாக, ஒன்று விடாமல், கீலைக் கீல் என்றே சொல்லி வாசித்தாள். அந்தப் பக்கம் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. பன்னிரண்டு நிமிஷம் ஆயிற்று.

“எழுதிக்கிட்டேன் மிஸஸ் டத்தி. அடுத்த திங்கள் பேசுவோம்.”

ரோனா திரும்பிப் பார்த்தாள். ஷீனா பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தாள், அவளுக்குப் பின்னால் பெத், வில்மா, கேரன், கடைசியில் கோர்டன்.

“வச்சிராதீங்கம்மா,” என்றாள் ரோனா. “இங்க இன்னும் அஞ்சு பேரு நிக்காவ.”